50 பேர், 12 மண்வெட்டி: இளைஞர் சேவை கட்டாயமா, விருப்பமா?

ஏழு நாள் முகாமின் இரண்டாம் நாள். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஊரணியைத் தூர்வாரப் போயிருந்தோம். மாணவர்கள் 50 பேர். ஊராட்சியில் கேட்டு வாங்கிய மண்வெட்டி 12, இரும்புச் சட்டி 20. வெட்ட 12 பேர், சுமக்க 20 பேர் போக மிச்சமிருந்த 18 பேரும் கரையில் நின்றார்கள். பதினொரு மணி வெயிலில் சும்மா நிற்பது மண் வெட்டுவதைவிடச் சிரமம். ஒருவன் என்னிடம் வந்து, "சார், எனக்கு வேலை இல்லைன்னா ஸ்கூலுக்குப் போய் உக்காந்துக்கட்டுமா? அட்டெண்டன்ஸ் மட்டும் போட்டுருங்க" என்றான். அவன் சோம்பேறி இல்லை. அவன் கையில் கொடுக்க என்னிடம்தான் எதுவும் இல்லை.

ஆறு வருடம் ஒரு கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலராக இருந்தேன். "எல்லாப் பிள்ளைகளையும் ஒரு வருஷம் கட்டாயமா நாட்டுச் சேவைக்கு அனுப்பணும், அப்பத்தான் உருப்படுவாங்க" என்ற பேச்சைக் கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறேன், ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த ஊரணிக் கரைதான் கண்முன் வரும். ஆனாலும் இந்தக் கோரிக்கையை நான் லேசாகத் தள்ளுவதில்லை. சேவைக்குப் போய் ஆளே மாறி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அதனால் நம் முன்னால் இருக்கும் வழிகளை எடுத்துவைத்துப் பார்க்கிறேன். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கட்டாயம் வேண்டாம். ஆனால் இன்று விருப்பம் என்ற பெயரில் நடப்பதும் போதாது.

முழு ஆண்டுக் கட்டாயம்

இதற்கு ஆதரவாக முதலில் வருவது சிங்கப்பூர். நம்மவர்கள் பல குடும்பங்களுக்கு அது நேரில் தெரிந்த விஷயம். 1967இல் சட்டம் வந்தது. சிங்கப்பூர் குடிமக்களான ஆண்களும், அங்கே நிரந்தரவாசம் பெற்ற குடும்பங்களின் இரண்டாம் தலைமுறை ஆண்பிள்ளைகளும் 18 வயதையொட்டி இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்தாக வேண்டும். அதன் பிறகும் ஆண்டுதோறும் பயிற்சிக்கு அழைப்பு வரும். ராணுவத்துக்குப் போகும் பையனைப் பெற்றோர் பயிற்சி முகாம் இருக்கும் தேகோங் தீவுவரை கொண்டுபோய் விட்டு, அங்கேயே ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் படகில் திரும்புவார்கள். பையனுக்கு அன்றே மொட்டை. தமிழ்ப் பையனும் சீனப் பையனும் மலாய்ப் பையனும் ஒரே அறையில் படுத்தெழுவது அங்கே ஒரு தலைமுறையையே இணைத்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் தொடக்க ஆண்டுகளில் மலாய் இளைஞர்கள் பெரும்பாலோர் அழைக்கப்படவே இல்லை. எல்லோருக்கும் கட்டாயம் என்று சட்டம் சொன்னாலும், யாரை அழைப்பது என்பதை அரசுதான் முடிவு செய்தது.

சிங்கப்பூரில் கட்டாயம் ஓடுவதற்குக் காரணம், வேலை முதலிலேயே இருந்தது. 1965இல் தனி நாடானபோது சொல்லிக்கொள்ளும்படி ராணுவம் இல்லை; பிரிட்டிஷ் படைகளும் சில ஆண்டுகளில் கிளம்பிவிடும் நிலை வந்தது. ஆள் உடனே தேவைப்பட்டது. பையன் போய் இறங்கும் நாளில் படுக்கை, துப்பாக்கி, பயிற்சியாளர், அட்டவணை எல்லாம் தயார். நாம் கேட்பது ராணுவம் இல்லை, சமூக சேவை. அதற்கு இந்தத் தயாரிப்பு எங்கே இருக்கிறது?

சமூக சேவைக்கு நெருக்கமான உதாரணம் நைஜீரியா. 1967 முதல் 1970 வரை உள்நாட்டுப் போரில் கிழிந்த நாடு அது. அதைத் தைக்க 1973இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 30 வயதுக்குட்பட்ட பட்டதாரிகள் ஒரு வருடம் சொந்த மாநிலம் அல்லாத வேறொரு மாநிலத்தில் போய்ச் சேவை செய்ய வேண்டும். மூன்று வாரம் முகாம், அப்புறம் பெரும்பாலும் பள்ளிக்கூட வேலை. முடித்த சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை கிடைப்பது கஷ்டம். நோக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊரில் ஒரு தஞ்சாவூர்ப் பிள்ளை ஜார்க்கண்டில் ஒரு வருடம் இருந்தால் எவ்வளவு நல்லது என்று நானே நினைத்திருக்கிறேன். ஆனால் நடைமுறையில், செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகள் வசதியான நகரத்தில் இடம் வாங்கிக்கொள்கிறார்கள் என்ற குறை அங்கே தீரவே இல்லை. 2011 தேர்தலுக்குப் பின் வடக்கே நடந்த கலவரத்தில், தேர்தல் பணியில் இருந்த சேவை இளைஞர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். தானாகப் போய் ஆபத்தில் சிக்குவது வேறு, அரசு அனுப்பிய இடத்தில் சாவது வேறு. அந்தத் தாய்க்கு அரசு என்ன பதில் சொல்லும்?

இலங்கையில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தேர்வான மாணவர்கள் எல்லோரும் மூன்று வாரம் ராணுவ முகாம்களில் தலைமைத்துவப் பயிற்சி பெற வேண்டும் என்றது அரசு. போர் முடிந்து இரண்டே வருடம். வன்னியிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு ராணுவ முகாமின் வாசல் என்னவாகத் தெரிந்திருக்கும்? ஒரே உத்தரவு எல்லோருக்கும் பொது என்றாலும், அதன் பாரம் எல்லோர் தோளிலும் ஒரே மாதிரி இறங்குவதில்லை.

மலேசியா இன ஒற்றுமைக்காக 2004இல் மூன்று மாதத் தேசிய சேவைப் பயிற்சியைத் தொடங்கியது, 2018இல் கைவிட்டது, 2025இல் 45 நாளாகச் சுருக்கித் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஆடும் திட்டத்தில் பிள்ளையின் ஒரு பருவத்தைக் கட்டிவைக்க எனக்கு மனமில்லை.

நாம் ஏற்கெனவே முயன்று பார்த்தோம்

இந்தியாவில் இந்த யோசனை புதியது இல்லை. 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு, பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போக விரும்பும் எல்லோருக்கும் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை தேசிய சேவையைக் கட்டாயமாக்கலாம் என்று பரிந்துரைத்தது. பணமும் நடைமுறைச் சிக்கலும் தடுத்தன. 1962 சீனப் போருக்குப் பின், 1963இல் கல்லூரிகளில் என்.சி.சி. என்ற தேசிய மாணவர் படைப் பயிற்சி கட்டாயமானது. ஐந்தே வருடம். 1968இல் மறுபடி விருப்பமாகிவிட்டது. அதே 1968 ஜனவரியில் நம் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, என்.சி.சி.யில் இந்தி ஆணைச் சொற்களைக் கைவிட வேண்டும் என்பதும் அதில் இருந்தது. விரும்பிச் சேர்ந்த இடத்தில் ஒரு சொல் வெறும் சொல்லாகப் போய்விடலாம். கட்டாயப்படுத்தி நிற்கவைத்த இடத்தில் அதே சொல் அதிகாரமாகக் கேட்கும். மொழிப் போராட்டம் நடந்து மூன்று வருடம்கூட ஆகாத மாநிலம் இது.

அதன் பிறகுதான், காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள், விரும்பியவர் மட்டும். இன்று நாடு முழுக்க சுமார் 40 லட்சம் பேர்.

சட்டம் தடுக்குமா என்று கேட்பார்கள். தடுக்காது. அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு கூலியில்லாக் கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. ஆனால் அதன் இரண்டாம் உட்பிரிவு பொது நோக்கத்துக்காக அரசு கட்டாயச் சேவை விதிக்கலாம் என்கிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் இவற்றை வைத்து மட்டும் பாகுபாடு காட்டக் கூடாது என்பதுதான் நிபந்தனை. அந்தப் பட்டியலில் பாலினம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆண்களுக்கு மட்டும் என்று ஒரு சட்டம் வந்தால் இந்த உட்பிரிவு குறுக்கே நிற்காது.

தமிழ் படித்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய ஊழியம். இன்று நாம் வெட்டி வேலை என்றால் பயனற்ற வேலை. ஒரு சொல் நூற்றாண்டுக் கணக்கில் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பாருங்கள். ஊரார் கூடி உழைத்து ஏரி, கண்மாய்களைக் காத்த குடிமராமத்து முறையைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்த மரபு உழைப்பைச் சட்டத்தால் வாங்குவதற்கு வெள்ளைக்காரன் 1858இலேயே சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டான். சட்டம் இருந்தும் கண்மாய்கள் தூர்ந்துதான் போயின.

சரி, கணக்குக்கு வருவோம். 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் 4.33 கோடிப் பேர் படிக்கிறார்கள். வருடத்துக்குச் சுமார் 1.07 கோடிப் பேர் பட்டம், பட்டயம் முடித்து வெளியே வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் மாதம் 5,000 ரூபாய் கொடுத்தால்கூட வருடத்துக்கு 64,000 கோடி ஆகும். நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2024-25இல் ஒதுக்கியதே 86,000 கோடிதான். ஒரு கோடிப் பிள்ளைகளுக்குத் தங்குமிடம், சாப்பாடு, மேற்பார்வை எல்லாம் இதில் சேராது. கொடுக்காமல் வேலை வாங்கினால் அது மேலே சொன்ன வெட்டி.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரி. கடைசித் தேர்வு எழுதிய மறு வாரமே ஓசூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் பஸ் ஏறுபவர்கள். கல்விக் கடனும் தங்கச்சி படிப்புச் செலவும் அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கின்றன. அவர்களிடம் போய் 'ஒரு வருடம் நாட்டுக்காக' என்று சொல்வது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளையிடம் சொல்வதற்குச் சமமாகாது. கல்லூரிக்கே வராமல் 18 வயதில் பனியன் கம்பெனியில் நிற்கும் பிள்ளை இந்தக் கட்டாயத்தில் வருமா, வராதா? அதை யாரும் சொல்வதில்லை.

பாதிக் கட்டாயம்: பார்ட் ஃபைவ்

இங்கே வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் சேவை ஏற்கெனவே பாதிக் கட்டாயம்தான். பட்டப்படிப்பின் ஐந்தாம் பகுதி விரிவாக்கப் பணி. மாணவர்கள் பார்ட் ஃபைவ் என்பார்கள். என்.எஸ்.எஸ்., என்.சி.சி., இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், விளையாட்டு என்று ஏதாவது ஒன்றில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பட்டத்துக்குத் தேவையான அந்த ஒரு கிரெடிட் கிடைக்காது. என்.எஸ்.எஸ்.ஸில் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்துக்கு 240. கூடவே ஒரு சிறப்பு முகாம்.

மணி நேரத்தை எண்ணத் தொடங்கியதும் என்ன ஆகும் என்பதை நான் பார்த்தேன். முதலில் சொன்ன பையன் கதையே போதும். மறுநாள் அவனை ரேஷன் கடைத் திண்ணையில் உட்காரவைத்து, முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதும் வேலை கொடுத்தேன். கையெழுத்து மணிமணியாக இருக்கும். மதியத்துக்குள் கிழவிகள் வரிசை கட்டிவிட்டார்கள். ஆதார் அட்டையில் ஒரு வயசு, ரேஷன் அட்டையில் ஒரு வயசு; ஒருவருக்குக் கணவர் இறந்த சான்று இல்லை; ஒருவருக்கு வங்கிக் கணக்கே இல்லை. சாயங்காலம் ஒரு ஆத்தா, "நாளைக்கும் வருவீகளா தம்பி?" என்று கேட்டார். முகாம் முடியும்வரை அவன் அந்தத் திண்ணையை விட்டு நகரவில்லை. முகாம் முடிந்தபின் அவனாகவே இரண்டு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், விடுபட்ட சான்றுகளை வாங்கி, மனுக்களை ஒழுங்குபண்ணிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். எனக்கே பிறகுதான் தெரியும். அலுவலர் உடன் இல்லாத வேலை என்பதால் அந்த நேரம் பதிவேட்டில் ஏறவில்லை. ஊரணிக் கரையில் சும்மா நின்ற நேரம் ஏறியிருக்கிறது.

இந்தக் குறை அவனுடையதும் இல்லை, விதி எழுதியவர் கெட்டவர் என்பதாலும் இல்லை. ஒரு அலகுக்கு 100 மாணவர், ஒரு திட்ட அலுவலர். அந்த அலுவலர் வாரம் முழுக்கப் பாடம் நடத்தும் ஆசிரியர். நான் இருந்த காலத்தில் முகாமுக்கு ஆளுக்கு 450 ரூபாய், ஏழு நாளைக்கு. நாளுக்கு 64 ரூபாய். மூன்று வேளைச் சாப்பாடு, டீ, போக்குவரத்து எல்லாம் அதற்குள். மண்வெட்டி வாங்கக் காசு எங்கே? படிக்கும் எல்லோருக்கும் இதைக் கட்டாயமாக்கினால் நூற்றுக்கு ஒருவர் கணக்கில் 4.3 லட்சம் அலுவலர்கள் வேண்டும். நாட்டில் கல்லூரி ஆசிரியர்களே 16 லட்சம் பேர்தான். நாலில் ஒருவர்!

இருந்தாலும், கட்டாயத்துக்கு ஆதரவாக நான் கேட்ட மிக வலுவான வாதத்தை ஒரு மாணவிதான் சொன்னாள். முகாமுக்குப் பெயர் கொடுக்கும்போது, "சார், கட்டாயம்னு லெட்டர்ல எழுதிக் குடுங்க. விருப்பம்னு போட்டா அப்பா விட மாட்டாரு" என்றாள். எழுதிக் கொடுத்தேன். ஏழு நாள் வீட்டுக்கு வெளியே தங்கியது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கட்டாயம் என்ற சொல் சிலருக்கு விலங்கு, சிலருக்குச் சாவி. இதற்குப் பதில் சொல்லாத எந்த முடிவும் என்னைப் பொறுத்தவரை அரைகுறை.

காசில்லா விருப்பம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கடி வந்தால் நம் பிள்ளைகள் யாரும் கூப்பிடாமல் வருவார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நடந்தவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் மாவட்டத்தையே எழுத்துக்கூட்ட வைத்தது; பெண்கள் சைக்கிள் பழகியதும் அதோடு சேர்ந்து வந்ததுதான். அங்கே நின்றவர்கள் தொண்டர்கள். ஆனால் இப்படிப்பட்ட அலை வற்றிவிடும். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுச் சான்றுகளுக்காக ஆறு மாதம் அலைய ஆள் வேண்டும். சாப்பாட்டுக்கு வழியில்லாத பிள்ளையால் ஆறு மாதம் இனாமாக அலைய முடியாது. காசில்லா விருப்பம் கடைசியில் வசதியுள்ளவரின் விருப்பமாகிவிடும்.

சம்பளத்தோடு விருப்பம்

என் வாக்கு இதற்குத்தான். ஜெர்மனியில் ராணுவத்துக்குப் போக மறுத்தவர்கள் பல பத்தாண்டுகள் முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் கட்டாயக் குடிமைச் சேவை செய்தார்கள். 2011இல் கட்டாய ராணுவத்தை நிறுத்தியபோது, பிள்ளைகள் வராவிட்டால் முதியோரைக் குளிப்பாட்டுவது யார் என்ற பயம் வந்தது. அதே ஜூலையில் விருப்பச் சேவை ஒன்றைத் தொடங்கினார்கள். 35,000 இடங்கள், கைச்செலவுக்குப் பணம், காப்பீடு. இளைஞர் மட்டுமல்ல, எந்த வயதினரும் சேரலாம். முதல் ஆண்டிலேயே இடங்கள் ஏறத்தாழ நிரம்பின.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கொரோனாவுக்குப் பின் 2021இல் நம் மாநிலத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியைப் பாருங்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தெருவிலேயே வகுப்பு நடந்தது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். ஏறத்தாழ 2 லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். அப்பா அனுப்ப மாட்டார் என்ற அந்த மாணவியின் பூட்டு இங்கே வேறு சாவியால் திறந்தது: அரசு ஆணை, சொந்தத் தெரு, கையில் ஒரு தொகை. மத்திய அரசின் தேசிய இளைஞர் தொண்டர் திட்டத்திலும் மாதம் 5,000 ரூபாய் கொடுத்தார்கள். ஆனால் ஊராட்சி ஒன்றியத்துக்கு இரண்டு பேர்தான்.

குறையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். 1,000 ரூபாய் என்பது கூலி இல்லை. தன்னார்வலர் என்ற பெயரில் அரசு மலிவாக வேலை வாங்குகிறது, நிரந்தர ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் இழுக்கிறது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. அதனால் காலம் ஒரு வருடத்துக்கு மேல் போகக் கூடாது, நிரந்தரப் பணியாளர் செய்ய வேண்டிய வேலையில் இவர்களை அமர்த்தக் கூடாது என்ற இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று: விருப்பம் என்றால் வராதவர்கள் வரமாட்டார்கள். சேவை யாருக்கு மிகவும் தேவையோ அந்தப் பிள்ளை வீட்டில் இருந்துவிடும். இது உண்மையான இழப்பு. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் வராதவனை இழுத்து வந்து கரையில் நிற்கவைப்பதில் அவனுக்கும் ஒன்றும் கிடைக்காது, ஊரணிக்கும் கிடைக்காது.

என்ன செலவாகும்? தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள். ஊராட்சிக்கு இரண்டு பேர், மாதம் 10,000 ரூபாய், ஒரு வருடம் என்றால் 300 கோடி. பட்டதாரிதான் வேண்டும் என்று இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரும் வரலாம். ஒருவர் ஆணென்றால் மற்றவர் பெண். இருவரையும் பார்த்துக்கொள்ள ஒன்றியத்துக்கு ஒரு முழுநேர அலுவலர். பாடம் நடத்திக்கொண்டே முகாமும் பார்க்கும் என்னைப் போன்றவர் இல்லை. முடித்தவருக்கு அரசுத் தேர்வில் சலுகை மதிப்பெண் கொடுக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். கொடுத்தால் அது மறுபடி மறைமுகக் கட்டாயம் ஆகிவிடும்.

பார்ட் ஃபைவை என்ன செய்வது? கிரெடிட் இருக்கட்டும். கட்டாயத்தை மாணவன் தலையிலிருந்து எடுத்துக் கல்லூரி தலையில் வைக்க வேண்டும். ஜூன் மாதமே இந்த ஆண்டு எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பேருக்கு, என்ன கருவி, யார் மேற்பார்வை என்று கல்லூரி எழுதிக் கொடுத்த பிறகுதான் மாணவரைச் சேர்க்கலாம் என்று விதி வரட்டும். வேலை இருப்பது 30 பேருக்குத்தான் என்றால் 30 பேர் போதும். அலுவலர் உடன் இல்லாத வேலையையும், ஊர்க்காரர் கையெழுத்திட்டால், பதிவேட்டில் ஏற்ற வழி வேண்டும். பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம். அதில் கட்டாயம் என்று பொய் எழுதாமல், எங்கே தங்குவாள், உடன் யார், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று எழுதினால் பெரும்பாலான அப்பாக்கள் விடுவார்கள். பின்னாளில் நான் அப்படித்தான் எழுதினேன். கையெழுத்துப் போட மறுத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் அதே ஊரணிக்கு 30 பேரோடு போனோம். மண்வெட்டிகளை முந்தின வாரமே மூன்று ஊராட்சிகளில் சொல்லிவைத்து 18 சேர்த்திருந்தோம். மீதி 12 பேரில் ஆறு பேர் சட்டி சுமந்தார்கள். ஆறு பேர் ரேஷன் கடைத் திண்ணையில் மனு எழுதினார்கள்.